கரிய கல்லும் வெளிறிய கல்லும்: டிறெஸ்டன் நகரக் கலைவரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஜேர்மனியின் கிழக்குப் பகுதியிலே, எல்பே நதியின் இரு கரைகளிலும் அமைந்துள்ளது டிறெஸ்டன் நகரம். அதன் கலைச்செல்வங்களைக் காண விழைவோர் தம் பயணத்தை நதியின் வடகரையிலே தொடங்குதல் நன்று. 1748ஆம் ஆண்டில் வெனிசு நகரத்து ஓவியரான பெர்னார்டோ பெலொட்டோ அக்கரையில் நின்று கண்ட காட்சியை ஓவியமாகத் தீட்டினார். எதிர்க்கரையில் உயர்ந்து நிற்கும் குவிமாடம், அரசவைத் தேவாலயத்தின் கோபுரம், நதியைக் கடக்கும் நீண்ட பாலம் ஆகியன அவ்வோவியத்தில் உள்ளவாறே ஏறக்குறைய இன்றும் காட்சியளிக்கின்றன. “ஏறக்குறைய” என்ற சொல்லிலேதான் வரலாற்று மாணவன் கருத்தூன்ற வேண்டும். அக்காட்சியின் பெரும்பகுதி 1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எரிந்தும் இடிந்தும் போயிற்று. இன்று நாம் காண்பது மீட்கப்பட்ட காட்சி. அழிந்ததை மீளக் கட்டுதல் வரலாற்றைப் பேணுவதாகுமா, அன்றி அதனை மூடி மறைப்பதாகுமா என்னும் வினா இந்நகரின் ஒவ்வொரு தெருவிலும் நம்மை எதிர்கொள்கின்றது.

பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது கத்தோலிக்க அரசவைத் தேவாலயம். உலூதரின் சமயத்தைத் தழுவிய சாக்சனி நாட்டிலே இது தோன்றியமைக்கு ஓர் அரசியற் காரணம் உண்டு. ‘வல்லமைமிக்கவன்’ என்று பெயர் பெற்ற ஒகஸ்டஸ், 1697இல் போலந்து நாட்டின் முடியைப் பெறுதற்பொருட்டுக் கத்தோலிக்கனானான். குடிமக்களோ தம் சமயத்திலேயே நிலைத்து நின்றனர். அவன் மகன் காலத்தில், 1739இல், கியாவேரி என்னும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அரசவைத் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1726இல், நகர மக்கள் தமக்கெனப் பிறவுன்கிர்க்க எனப்படும் அன்னை மரியாள் பெயர்கொண்ட புரட்டஸ்தாந்து ஆலயத்தை எழுப்பத் தொடங்கியிருந்தனர். மன்னனது சமயமும் மக்களது சமயமும் ஒரே நதிக்கரையில் கல்லுருக்கொண்டு நிற்பதை இவ்விரு கட்டடங்களிலும் காணலாம்.

அருகிலுள்ள அரண்மனையின் ‘பச்சைக் கருவூலம்’ நம் பகுதியினர் சற்றுத் தரித்து நிற்க வேண்டிய இடமாகும். அங்குள்ள பொற்பணிகளுள் ஒன்று, டெல்லியில் ஔரங்கசீப் பேரரசரின் பிறந்தநாட் கொலுவைச் சிற்றுருவங்களாகக் காட்டுவது. டிங்கிளிங்கர் என்னும் பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை உழைத்து, ஆயிரக்கணக்கான வைரங்களைப் பதித்து இதனை ஆக்கினார். அவர் இந்தியாவைக் கண்டவரல்லர். பயணிகளின் நூல்களே அவருக்குத் துணை. வேலை முடியுமுன்னரே, 1707இல், ஔரங்கசீப் மறைந்துவிட்டார்! தன் நாட்டிற் கிட்டாத முழு அதிகாரத்தை ஒகஸ்டஸ் அக்கீழைத்தேயக் கொலுவிலே கண்டு மகிழ்ந்தான் போலும்.

சுவிங்கர் மாளிகை போப்பல்மன் என்னும் கட்டடக் கலைஞரும் பேர்மோசர் என்னும் சிற்பியும் இணைந்து ஆக்கிய பரோக் கலையின் சிகரம். அதன் திறந்த பக்கத்தை அடைத்து, கொட்பிரீட் செம்பர் ஓவியக்கூடமொன்றை 1847இல் கட்டத் தொடங்கினார். 1849இல் மக்கட் கிளர்ச்சியிற் கலந்துகொண்டமையால் அவர் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. பணியைப் பிறர் முடித்தனர். ராபேல் தீட்டிய ‘சிஸ்ரைன் மடோனா’ இங்கேதான் உள்ளது. 1754இல் வாங்கப்பட்ட அவ்வோவியம், 1945இல் சோவியத் படையினரால் மொஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பத்தாண்டுகளின் பின்னர் திரும்பியது. கூட்டமெல்லாம் அதன் முன்னே நிற்கும். வரலாறு பயில்வோன் பெலொட்டோ 1765இல் தீட்டிய வேறோர் ஓவியத்தையுந் தேடிக் காண வேண்டும். 1760இல் பிரசியரின் பீரங்கிகளால் அழிந்த திருச்சிலுவை ஆலயத்தின் இடிபாடு அது. பேரழிவு இந்நகருக்குப் புதிதன்று என்பதற்கு அதுவே சான்று.

அந்த முற்றுகையின்போது பிறவுன்கிர்க்கவின் குவிமாடம் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கி நின்றது. தச்சராகத் தொழில் கற்ற கியோர்க் பேர், ஏறத்தாழ 12,000 தொன் நிறையுள்ள அம்மாடத்தை மணற்கல்லாலேயே எழுப்பத் துணிந்தார். 1738இல் அவர் இறந்தார். ஆலயம் 1743இல் நிறைவெய்தியது. 1945 பெப்ரவரி 13ஆம் நாள் இரவு தொடங்கிய பிரித்தானிய, அமெரிக்க விமானத் தாக்குதலில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர் என்று வரலாற்றறிஞர் குழுவொன்று 2010இல் முடிவு கூறியது. தீயிடையே நின்ற ஆலயம் உடனே வீழவில்லை. வெப்பத்தால் வலியிழந்த தூண்கள் 15ஆம் நாட் காலையிலேயே சரிந்தன.

கிழக்கு ஜேர்மனியின் ஆட்சிக்காலம் முழுவதும் அக்கற்குவியல் அகற்றப்படாது நினைவுச்சின்னமாகக் கிடந்தது. 1982 முதல் இளைஞர் பலர் பெப்ரவரி 13ஆம் நாளன்று அவ்விடத்தில் மெழுகுதிரி ஏந்திக் கூடி, அமைதி வேண்டி நின்றனர். ஆதலின், 1990இல் மீளக் கட்டும் வேண்டுகோள் எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தமை வியப்பன்று. இடிபாடே போரின் கொடுமையைப் பேசுகின்றதே, அதன் வாயை அடைப்பதா என்று வினவியோரின் கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனினும், கட்டிய முறையைக் கண்டபின் என் கருத்து வேறாகின்றது. 1993இல் குவியலைக் கலைத்தபோது ஒவ்வொரு கல்லும் கிடந்த இடம் குறிக்கப்பட்டது. பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையுங் கொண்டு அதன் முன்னை இடம் ஆராயப்பட்டது. 3,500க்கு மேற்பட்ட பழைய கற்கள் முகப்பிலே மீண்டும் வைக்கப்பட்டன. எல்பே மணற்கல் நாளடைவிற் கறுக்கும் இயல்பினது. ஆகவே பழைய கல் கரிய புள்ளியாகவும் புதிய கல் வெளிறிய பரப்பாகவும் தோன்றுகின்றன. எது தப்பியது, எது தப்பவில்லை என்பதைச் சுவரே சொல்கின்றது. செலவின் பெரும்பகுதி நன்கொடையாகவே வந்தது. உச்சியிலுள்ள சிலுவையைச் செய்த இலண்டன் பொற்கொல்லரின் தந்தை, இந்நகரைத் தாக்கிய விமானிகளுள் ஒருவர். ஆலயம் 2005 ஒக்டோபர் 30ஆம் நாள் திருநிலைப்படுத்தப்பட்டது. சுற்றியுள்ள புதுச் சந்தைச் சதுக்கத்திலோ பழைய முகப்புகளுக்குப் பின்னே புத்தம்புதிய விடுதிகளும் கடைகளும் உள்ளன. அவை அழகியனவே, ஆயினும் ஆலயச் சுவரின் நேர்மை அவற்றில் இல்லை.

பயணிகள் பலர் இவ்விடத்தோடு திரும்பிவிடுவர். கிழக்கே நதிக்கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் யூதர்களின் தொழுகைக்கூடத்தை அடையலாம். செம்பர் 1840இல் கட்டி முடித்த பழைய கூடம் விமானக் குண்டுகளால் அழிந்ததன்று. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு நாற்சிகள் அதற்குத் தீயிட்டனர். நகரின் அழிவை 1945இலிருந்தே எண்ணுவோர் இவ்விடத்தில் தம் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியவராவர். 2001இல், அதே நவம்பர் 9ஆம் நாளில், புதிய கூடம் திறக்கப்பட்டது. பழைய உருவம் மீளக் கட்டப்படவில்லை. கற்படைகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கிழக்கு நோக்கித் திரும்பும் எளிய கனசதுரமே இன்றுள்ளது. செம்பரின் கட்டடம் நின்ற இடம் முற்றத்திலே வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அன்று தீயணைக்க வந்த வீரர் ஒருவர் எடுத்து ஒளித்துவைத்த தாவீதின் விண்மீன், புதிய கூடத்தின் வாயிலுக்கு மேலே பதிக்கப்பட்டுள்ளது. பழைய கூடத்திலிருந்து எஞ்சிய மிகச் சிலவற்றுள் அதுவும் ஒன்று.