சமையலறைக் கழிவு வீட்டிலேயே உரமாகட்டும்: நாற்றமில்லாமல் செய்வது எப்படி?

நம் வீடுகளிலிருந்து தினமும் வெளியேறும் குப்பையில் ஏறத்தாழ பாதி ஈரக் கழிவுதான். காய்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல், முட்டை ஓடு, டீத்தூள், மீந்துபோன சோறு ஆகியவை இதில் அடங்கும். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை சேரும். நோன்பு மாதத்தில் தர்பூசணித் தோலும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து இன்னும் கூடும்.

இதை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுக் கட்டி வெளியே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பையை அவிழ்த்து, அழுகிய சோற்றுக்குள் கைவிட்டு, உடைந்த கண்ணாடியையும் குழந்தைகளின் டயப்பரையும் பிரித்தெடுக்க வேண்டியவர் தூய்மைப் பணியாளர். பிரிக்க முடியாதது குப்பைக் கிடங்குக்குப் போகிறது. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகள் இப்படிக் குவிந்தவைதான். காற்றுப் புகாத குவியலுக்குள் ஈரக் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். குவியலிலிருந்து வடியும் சாறு நிலத்தடி நீரைக் கெடுக்கிறது.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. ஈரக் கழிவை வீட்டிலேயே உரமாக்கிவிட்டால் வெளியே கொடுக்கும் குப்பை பாதியாகக் குறையும். மீதியும் சுத்தமாக, மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்கும்.

ஏன் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்?

ஆர்வமாகத் தொடங்கும் பல வீடுகளில் இரண்டே வாரத்தில் வாளி நாறுகிறது, புழு வருகிறது, வீட்டில் சண்டையும் வருகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஈரக் கழிவை மட்டும் போட்டு மூடிவைப்பது.

கழிவை உரமாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அவற்றுக்குக் காற்று, ஈரம், தழைச்சத்து, கரிச்சத்து நான்கும் வேண்டும். காய்கறிக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம். கரிச்சத்து சருகு, மரத்தூள், தென்னை நார்க்கழிவு போன்ற காய்ந்த பொருள்களில் இருக்கிறது. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் கழிவு நன்றாக மக்கும். காய்ந்த பொருள் கூடுதல் ஈரத்தை உறிஞ்சி, நடுவே காற்றுப் போகவும் இடம் தரும். ஆகவே முதலில் சேர்க்க வேண்டியது ஒரு சாக்கு காய்ந்த சருகு.

தேவையானவை

மூடியுள்ள 20 முதல் 30 லிட்டர் வாளிகள் மூன்று. பழைய பெயிண்ட் வாளி என்றால் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை போடுங்கள். இரண்டு செங்கல் மீது, மழையும் நேர் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மாடிப்படிக்கு அடியிலோ, பால்கனியிலோ, கொல்லையிலோ வைக்கலாம். கடைகளில் கிடைக்கும் மூன்றடுக்கு மண்பானையும் நல்லதுதான்.

காய்ந்த பொருளுக்கு வேப்பிலை, புங்கை இலைச் சருகு, மரத்தூள், கிழித்த செய்தித்தாள், முட்டை அட்டை எல்லாம் ஆகும். வழவழப்பான வண்ணத் தாள் வேண்டாம். கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கலாம். அதை ஊறவைத்து, இரண்டு முறை அலசிப் பிழிந்து, காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

செய்முறை

1. வாளியின் அடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள்.

2. கழிவைச் சிறு துண்டுகளாக்கிப் போடுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் நொறுக்கிய சருகு. நார்க்கழிவுத் தூள் என்றால் அரைக் கிண்ணம் போதும்.

3. தொடக்கத்தில் ஒரு கைப்பிடி பழைய உரமோ, புளித்த மோரோ, சாணக் கரைசலோ சேர்த்தால் வேலை விரைவாகத் தொடங்கும்.

4. எப்போதும் மேலே சருகுதான் தெரிய வேண்டும். கழிவு வெளியே தெரிந்தால் ஈ வரும்.

5. மூன்று நாளுக்கு ஒரு முறை குச்சியால் கிளறிவிடுங்கள்.

6. ஒரு வாளி நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதமாகும். நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்து, அடுத்த வாளியைத் தொடங்குங்கள். மூன்றாவது வாளி நிரம்பும்போது முதல் வாளி இரண்டு மாதம் ஓய்ந்து உரமாகியிருக்கும்.

எதைப் போடக் கூடாது?

இறைச்சி, எலும்பு, மீன் கழிவு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, மீந்த பிரியாணி ஆகியவற்றை இந்த வாளியில் போட வேண்டாம். சிறிய வாளியில் போதிய சூடு ஏறாது. அவை அழுகி எலியையும் பூனையையும் அழைக்கும். குர்பானிக் கழிவையும் ஊராட்சி அல்லது நகராட்சி ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும், அல்லது நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். பேரீச்சங்கொட்டை, மாங்கொட்டை மக்குவதற்கு நீண்ட காலமாகும். பூனை, நாயின் கழிவு கூடவே கூடாது.

மீந்த சோற்றைக் கொஞ்சமாகச் சருகோடு கலந்து போடலாம். ஆனால் உரம்தானே ஆகிறது என்று உணவை மிச்சம் வைப்பதும் வீண் விரயமே. உண்ணத்தக்கது முதலில் பசித்தவருக்குப் போகட்டும்.

சிக்கலும் தீர்வும்

அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போதவில்லை, ஈரம் அதிகம் என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடிக்கும் சருகுதான் மருந்து. எறும்பு மொய்த்தால் உள்ளே காய்ந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசிவதே சரியான ஈரம். வெள்ளைப் பூஞ்சணத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அதுவும் மக்கச் செய்யும் உயிர்தான்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் வடியும் நீரைத் தினமும் கொட்டிவிடுங்கள். தேங்கும் நீரில் கொசு முட்டையிடும்.

உரம் தயாரா?

தயாரான உரம் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் உரத்தை ஈரமாக்கி, அதில் பத்து வெந்தயம் விதையுங்கள். நான்கைந்து நாளில் எட்டாவது முளைத்தால் உரம் தயார். முளைக்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். பாதி மக்கிய உரம் வேரைச் சுட்டுவிடும். மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும்.

எப்படிப் பயன்படுத்துவது?

புதிய தொட்டிக்குச் செம்மண், உரம், நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்புங்கள். புதினா, கொத்தமல்லி, கீரை, மிளகாய் எல்லாம் வரும். வளர்ந்த தொட்டிச் செடிக்கு மாதம் ஒரு முறை மேல்மண்ணைக் கிளறி, தண்டைத் தொடாமல் இரண்டு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விடுங்கள். கொல்லையில் நிற்கும் முருங்கை, மருதாணி, எலுமிச்சைக்கு தூரைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டி இடுங்கள். தென்னைக்கு தூரை ஒட்டாமல் நான்கைந்து அடி தள்ளி இடுவது நல்லது.

இது ரசாயன உரம் போல ஒரே வாரத்தில் பலன் காட்டாது. மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து வைப்பதே இதன் முக்கியப் பயன். ஊற்றிய தண்ணீர் நிமிடத்தில் இறங்கிவிடும் கடலோர மணல் மண்ணில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இந்த வேலை முழுவதையும் வீட்டுப் பெண்களின் தலையில் போட்டுவிடக் கூடாது. சருகு பொறுக்கி நொறுக்கும் வேலையைப் பிள்ளைகளும், வாளியைக் கிளறும் வேலையை ஆண்களும் எடுத்துக்கொண்டால் ஒருவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. தெருவில் பத்து வீடுகள் செய்தாலே, ஒரு நாளைக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாத அழுகல் அந்தத் தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகாது. இந்த வாரம் ஒரு சாக்கு சருகோடு தொடங்குங்கள்.