கோம்பை நாய்: ஏவலும் பழக்கமும்

கோம்பை நாய், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நாட்டு நாயினம். செவலை நிறமும் கறுத்த முகவாயும் குட்டை ரோமமும் கொண்டது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுடன் தமிழகத்தின் முக்கியமான நாயினங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. முரட்டு நாய், ஒருவருக்கு மட்டுமே அடங்கும், அடித்தால்தான் படியும் என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும், அடிக்காமல் தீனி கொடுத்துப் பழக்கும் முறை இந்த மலையடிவாரத்துக்கு எந்த அளவுக்குப் புதிது என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

ஊர்

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே தேவாரம், பண்ணைப்புரம் வழியாக உத்தமபாளையம் செல்லும் சாலையில் கோம்பை உள்ளது. (இளையராஜாவின் பண்ணைப்புரம்தான்.) மேற்கே மலை சுவர்போல எழுகிறது. ஊருக்கு மேலே ராமக்கல்மேடு; அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள். மலை இடுக்கில் அமைந்த பள்ளத்தைக் கோம்பை என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கு. நாயின் பெயர் ஒரு நிலவகையின் பெயரும்கூட.

காட்டுப்பன்றி இறங்கி வரும் நிலம் இது. மேலே காடு, கீழே நஞ்சை, நடுவில் புஞ்சை. பயிரைக் காக்கவும் பன்றியை மறிக்கவும் உடல்வலு மிக்க நாய் தேவைப்பட்டது. முயலை ஓடிப் பிடிக்கும் சிப்பிப்பாறை கரிசல் சமவெளியின் நாய். அதன் ஒல்லியான உடலும் நீண்ட காலும் அந்த வெளிக்கு ஏற்றவை. கோம்பையின் அகன்ற மார்பும் தடித்த தாடையும் மலைச்சரிவின் தேவைகள். ஜமீன் குடும்பங்கள் வேட்டைக்கும் அரண்மனைக் காவலுக்கும் இவற்றை வளர்த்ததாக வாய்மொழி மரபு சொல்கிறது.

கோலும் கவளமும்

நாயை ஆள்வது பற்றிய தமிழின் மிகப் பழைய காட்சிகளில் ஒன்று கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வருகிறது. தினைப்புனம் காக்கும் பெண்களைத் தலைவனின் வேட்டை நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. கூரிய பல், இமைக்காத கண், நெருங்க நெருங்கச் சீற்றம். பெண்கள் நடுங்கி விலகுகிறார்கள். அங்கே வரும் தலைவன், வண்டு மொய்க்கும் பூங்கிளை ஒன்றை முறித்து ஓங்கி நாய்களின் இரைச்சலை அடக்குகிறான். கையில் எடுத்தது பூத்த கிளைதான் என்றாலும் ஓங்கியது ஓங்கியதுதான். கோலின் மிரட்டல் நம் மரபில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் இருக்கிறது. கால்நடை காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது என்று கல்வெட்டு பதிவு செய்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் எழுதியவர்கள் அதை வெறும் ஆயுதமாக மட்டும் பார்த்திருக்க முடியாது. உடையவன் விழுந்த பிறகும் இடம் பெயராமல் நிற்கும் நாய், அடிக்குப் பயந்து நிற்பதில்லை, அடிப்பவன்தான் இல்லையே.

நாட்டுப்புற வழக்கில் நாயிடம் பேச இரண்டு சொற்கள் போதும். 'தோ தோ' என்றால் வா, தீனி இருக்கிறது. 'சூ' என்றால் போ, பாய். முதல் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கவளம் இருந்தது. பயிற்சி என்று யாரும் பெயரிடாத பயிற்சி அது. குட்டி தாயோடும் மூத்த நாய்களோடும் காட்டுக்குப் போய்க் கற்றது. வேட்டை முடிந்ததும் நாய்க்கும் பங்கு உண்டு. இன்றைய மொழியில் சொன்னால், செயலுக்கு உடனடி வெகுமதி.

சங்கிலி வந்த கதை

கோம்பை நாயின் வாழ்க்கையை இரண்டு சட்டங்கள் மாற்றின. இரண்டும் நாயைப் பற்றியவை அல்ல. 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை முடித்துவைத்தது. கூட்டமாக நாய் வளர்க்கும் வசதியும் அவற்றோடு போனது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. வளர்த்த வீடும் செய்த வேலையும் கால் நூற்றாண்டுக்குள் இல்லாமல் போயின. வேட்டை ஒழிந்தது காட்டுக்கு நல்லதே. ஆனால் மலையில் ஓடிய நாய்க்கு மிஞ்சியது வாசற்படிக் காவல் மட்டும்தான்.

காவலுக்கு நாய் மூர்க்கமாக இருக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. அதற்காகப் பகலெல்லாம் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடுவார்கள். வெளி ஆள் யாரையும் தொட விடுவதில்லை. காதை வெட்டுவதும் இதோடு சேர்ந்தது. இப்படி வளரும் நாய்க்கு அந்நியர் என்றால் சங்கிலி எட்டும் தூரத்துக்கு அப்பால் நடமாடும் ஆபத்து, அவ்வளவே. இனத்தின் குணம் என்று சொல்லப்படுவதில் பாதியாவது சங்கிலியின் குணம் என்று கருத இடமிருக்கிறது. அந்நியரிடம் எச்சரிக்கை கோம்பைக்கு இயல்பானது. எச்சரிக்கை வேறு, வெறி வேறு.

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் இதைப் பற்றியே பேசுகிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காத உரிமையாளரும் குற்றவாளியே. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அமலில் உள்ள இந்த வரியை நாய் வளர்ப்பவர்களில் அறிந்தவர் குறைவு.

கட்டளையும் வெகுமதியும்

அடித்துப் பழக்குவதே முறையான பயிற்சி என்ற எண்ணத்துக்குக் கிராமம் மட்டும் பொறுப்பல்ல. ஜெர்மன் காவல்துறையைச் சேர்ந்த கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட பயிற்சி நூல் இருபதாம் நூற்றாண்டின் காவல், ராணுவ நாய்ப் பயிற்சிக்கு அடித்தளமாக அமைந்தது. கழுத்துப்பட்டையை வெட்டி இழுப்பது, முள்பட்டை, பிரம்பு எல்லாம் அதில் உண்டு. வெகுமதியின் இடத்தையும் மோஸ்ட் அறிந்திருந்தார். ஆனால் அவரைப் பின்பற்றிய பலர் இழுப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மற்றொரு போக்கு ஆய்வகத்தில் தொடங்கியது. 1951 டிசம்பரில் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதினார். அதில் சொன்ன உபகரணம் ஒரு பொம்மை. அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும். அந்த ஒலி வந்தால் தீனி வரும் என்று நாய் முதலில் கற்கிறது. பிறகு வேண்டிய செயலை அது செய்யும் கணத்தில் ஒலியை எழுப்ப வேண்டும். ஒலிக்கும் செயலுக்கும் இடையே நொடி தாமதித்தாலும் நாய் வேறெதையோ கற்றுவிடும். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதியர் இதைத் தொழிலாக்கினர். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூலால் இது நாய் வளர்ப்போரிடம் பரவியது. டால்பினைச் சங்கிலியில் இழுக்க முடியாது. மீன் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் காவல்துறை மோப்ப நாய்ப் படைகள் சுதந்திரத்துக்குப் பின் உருவாயின. குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் 1970இல் தொடங்கப்பட்டது. அல்சேஷன், டாபர்மேன், லாப்ரடார் ஆகியவையே இடம்பெற்றன. நாட்டு நாய்கள் பயிற்சிக்குப் படியாதவை என்று ஒதுக்கப்பட்டன. ஆனால் மோப்பப் பணிதான் வெகுமதி முறையைச் சீருடைக்குள்ளும் கொண்டுவந்தது. நாயைப் படுக்க வைக்க மிரட்டலாம். முகர வைக்க மிரட்ட முடியாது. முகர்ந்து கண்டுபிடித்தால் பந்து விளையாட்டு என்றால்தான் அது மணிக்கணக்கில் தேடும். 2008 முதல் டிராஃபிக் அமைப்பு வனத்துறைகளுக்காகப் பழக்கிவரும் மோப்ப நாய்கள் இவ்வாறு வெகுமதி அடிப்படையில் பயிற்சி பெறுபவை.

நாட்டு நாய்களின் மீதான பார்வையும் மெல்ல மாறியது. டபிள்யூ. வி. சோமன் 1963இல் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய பிறகு நீண்ட இடைவெளி. சு. தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூல் 2017இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முதோல் நாய்களை ராணுவம் மீரட்டுக்கு எடுத்துச்சென்றது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமரின் வானொலி உரையில் கோம்பையின் பெயர் இடம்பெற்றது. தமிழ்நாடு வனத்துறையும் சிப்பிப்பாறை, கோம்பை உள்ளிட்ட நாட்டு நாய்களை மோப்பப் பணிக்குப் பழக்கத் தொடங்கியது. படியாது என்ற வாதம் அங்கே உடைந்தது. இதில் ஒரு முரணும் உண்டு: புகழ் கூடியதும் குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது, நகரத்து மாடி வீடுகளில் கோம்பை கட்டப்பட்டது, ஒரு வயதில் அதை ஆள முடியாமல் கைவிடுவதும் நடக்கிறது.

ஏலக்காலத்தில்

போடிக்கும் மலைக்கும் இடையே வாழ்பவர்களுக்கு நாயைப் பழக்குவது இன்று முற்றிலும் நடைமுறைப் பிரச்சினை. ஏலத்தில் காயெடுப்பு ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு ஏறும். தோட்டக்காரர்கள் நாள்கணக்கில் மேலே தங்க வேண்டியிருக்கும். கீழே பூட்டிய வீட்டில் நாய். முன்பு அத்தையோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ சோறு வைப்பார்கள். கூட்டுக் குடும்பம் சுருங்கிவிட்டதால் கூலி வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பெருநகரங்களைப் போலவே, இங்கும் அர்த்தமுள்ளதாகிறது.

உடையவரைத் தவிர யாரையும் ஏற்காத நாயிடம் புதியவர் எப்படிப் போவது? உடையவர் ஊரில் இருக்கும்போதே பலமுறை வர வேண்டும். முதல் நாள் நாயைப் பார்க்கவே கூடாது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வேகவைத்த ஈரலைச் சிறு துண்டுகளாக எட்ட எறிந்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். நாய் தானாக நெருங்கும் நாளில் கையை நீட்டலாம், தலைக்கு மேலிருந்து அல்ல, மோவாய்க்குக் கீழிருந்து. வாசலில் ஆள் வந்தால் பாய்வதற்குப் பதில் தன் சாக்கில் போய்ப் படுக்கக் கற்றுக்கொடுக்கலாம். சாக்கில் படுத்தால் துண்டு கிடைக்கும், பாய்ந்தால் ஒன்றும் கிடைக்காது. குரைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. காவலுக்கு அது போதும். பட்டையைப் பிடித்து இழுத்து அடித்தால் நாய் குரைப்பதை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்கும். உறுமலுக்கு அடி வாங்கிய நாயே முன்னறிவிப்பின்றிக் கடிக்கும்.

வெகுமதியாக எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் இந்தப் பள்ளத்தாக்கில் குறிப்பாகச் சொல்லப்பட வேண்டியது. கம்பம் திராட்சை இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. சில நாய்களுக்குச் சில பழங்களே போதும். வெங்காயமும் சாக்லேட்டும் அப்படியே. மேலே தோட்டத்துக்கு நாயைக் கூட்டிப்போனால் பூச்சிமருந்து அடித்த இடங்களில் அலைய விடக் கூடாது. அட்டையும் உண்ணியும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறும். இரவில் சிறுத்தை வரக்கூடும் என்பதால் ஸ்டோர் வாசலில் கட்டிவிட்டுப் படுப்பதும் ஆகாது. கட்டிய நாயால் ஓட முடியாது.