சாவா மூவாப் பசுக்கள்

உயிரைப் பசு என வழங்குதல் சைவ சித்தாந்த மரபு. ஆனைந்தும் திருநீறும் தருதலின் ஆவினம் சிவ வழிபாட்டோடு நீங்காத் தொடர்புடையது. அங்ஙனமாயின், பால் வற்றிக் கன்றீனும் வலியும் ஒழிந்த முதிய பசுவைக் காத்தல் யார் கடன்? இதற்கு நம் முன்னோர் செய்திருந்த ஏற்பாட்டை அறிதல் இன்றைக்கும் பயன்படும்.

சோழர் காலத்தே திருக்கோயில் நந்தாவிளக்குக்கு ஆடுகளும் பசுக்களும் அளிக்கப்பட்டன. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களின்படி, ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளத்தற்கு 96 ஆடுகளேனும், 48 பசுக்களேனும், 16 எருமைகளேனும் இடையர்பால் ஒப்புவிக்கப்பெற்றன. இங்ஙனம் விட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பது கல்வெட்டு வழக்கு. பிறந்த உடம்பு மூவாது சாவாது இருத்தல் யாங்ஙனம்? மூப்பும் சாவும் தனி விலங்குக்கே உரியன, தொகைக்கு இல்லை. மூத்தன கழியுந்தோறும் குட்டியும் கன்றும் அவ்விடத்தை நிரப்பின. அளக்கும் நெய் கோயிலுக்கு உரியது. அதனின் மிக்க பாலும் பெருகிய கன்றும் காப்பாளனுக்கு உரியன. ஆதலின், முதிர்ந்தவற்றின் சுமையைத் தாங்குதற்கு வேண்டிய ஊதியமும் அவன்பால் இருந்தது எனக் கொள்ளத்தகும்.

இனி, கன்னட நாட்டெல்லையை அடுத்த ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியை நோக்குக. ஆநிரை மீட்டு உயிர்துறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் மலிந்த நிலம் இது. ஓசூரில் 1824-இல் படைக்குதிரைகளுக்கென நிறுவப்பெற்ற பண்ணை, 1924-இல் கால்நடைத் துறையின் வசமாகிக் கால்நடைப் பண்ணையாயிற்று. பின்னாளில் தொழிற்சாலைகள் பெருகிய இவ்வூரைச் சூழ இரண்டு மூன்று கறவைகளால் பிழைக்கும் சிறுகுடியானவர் இன்றும் பலர்.

பசுவின் பால் நான்காம் ஐந்தாம் ஈற்றளவில் உச்சமுற்றுப் பின் குறையும். உயிரோ இருபது ஆண்டளவும் நிற்றல் கூடும். இடைப்பட்ட ஆண்டுகளில் தீவனச் செலவு உண்டு, வரவு இல்லை. கிழப்பசுவை விற்றாலன்றி இளம்பசு வாங்க அவர்க்குப் பொருளில்லை. ஆதலின் மனம் நைந்தும் அதனைச் சந்தைக்கு ஓட்டுகின்றனர்.

சட்டங்களும் இவ்விடத்துக் குறுக்கிடுகின்றன. சென்னை மாநிலத்து 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பத்தாண்டு கடந்து உழைப்புக்கும் ஈற்றுக்கும் உதவாது எனச் சான்று பெற்ற விலங்கை அறுக்க இசைந்தது. 1976-ஆம் ஆண்டு அரசாணை பசுவதையை அறுப்பகங்களில் விலக்கிற்று. கருநாடகம் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பசுவதையைத் தடுத்து, 2021 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் காளை எருதுகளையும் அத்தடையுள் அடக்கிற்று. இவை வாளைத் தடுத்தன, வைக்கோல் தந்தில. கொல்லாமையின் பயனை நாடெல்லாம் போற்ற, அதன் செலவை ஏழைக் குடியானவன் ஒருவனே இறுத்தல் முறையாகுமோ?

சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்தமை கண்டு கதறிய பசுக்களுக்கு இரங்கிய திருமூல தேவர், அம்மூலன் உடலிற் புகுந்து அவற்றை ஊருக்கு ஓட்டிச் சென்றார் என்பது பெரிய புராண வரலாறு. இரக்கம் ஈண்டுச் செயலாயிற்று. ஆவின் பாலைத் திருமுழுக்குக்குக் கொள்ளும் கோயில்களும், அதனை விற்று ஊதியம் பெறும் சங்கங்களும், உண்ணும் நகரத்தாரும் முதிய பசுக்களின் தீவனச் செலவில் ஒரு கூறு ஏற்பாராயின், பயன் கொள்வோரே சுமையும் ஏற்கும் பழைய நெறி மீளும். அஃதின்றிப் பசுவைத் தாயென்று வாயாற் புகழ்தல் வெறுஞ் சொல்லேயாம்.