சுமத்திராக் காற்று

ஊர்ப் பெயர்களைப் போலவே காற்றின் பெயர்களுக்கும் வரலாறு உண்டு. வட சிலாங்கூரில் கோலகுபுவை அடுத்துள்ள அம்பாங் பெச்சாவை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் அம்பாங் என்பது அணை. பெச்சா என்பது உடைதல். 1883ஆம் ஆண்டில் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அழித்த செய்தி அப்பெயரில் அடங்கியுள்ளது. இக்கரையில் வீசும் ‘சுமத்திரா’ என்னும் காற்றின் பெயரும் அத்தகையதே.

தென்மேற்குப் பருவக் காலத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னர், மலாக்கா நீரிணையில் கருமேகங்கள் நீண்ட வரிசையாகத் திரண்டு கிழக்கு நோக்கி விரைந்து வரும். முதலில் குளிர்ந்த கடுங்காற்று. பின்னர் இடியும் பெருமழையும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். சுமத்திராத் தீவின் பக்கமிருந்து வருவதால் மாலுமிகள் இதற்கு அத்தீவின் பெயரையே இட்டனர். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலும் இப்பொருள் காணப்படுகிறது.

தீவின் பெயரோ ஒரு பட்டினத்தின் பெயர். அத்தீவின் வடபகுதியில் சமுத்ரா என்னும் துறைமுகம் இருந்தது. 1345ஐ ஒட்டி அங்குச் சென்ற இபன் பதூதா அதனைச் சுமுத்ரா எனக் குறித்தார். நாளடைவில் அப்பெயர் தீவு முழுவதற்கும் ஆயிற்று. தமிழர் நன்கறிந்த ‘சமுத்திரம்’ என்னும் வடசொல்லே இதன் மூலம் என்பர். கடலின் பெயர் பட்டினத்திற்கும், பட்டினத்தின் பெயர் தீவிற்கும், தீவின் பெயர் காற்றிற்கும் வந்தன.

இக்காற்றைத் தமிழர் பலர் ‘புயல்’ என்றே கூறுவர். ஆனால் புயலும் பொருள் மாறிய சொல்லே. வள்ளுவர் வான்சிறப்பில் அதனை மழை என்னும் பொருளில் ஆண்டார். இன்றோ அது கடலில் உருவாகிச் சுழன்று வரும் பெருங்காற்றைக் குறிக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது அத்தகைய புயல். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றும் விசை மிகக் குறைவு. ஆதலின் அங்குப் புயல் உருவாவது அரிது. 2001 டிசம்பர் 27இல் ஜொகூர்க் கரையேறிய ‘வாமெய்’ அவ்வரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

“இங்கே புயல் வராது” என்னும் பேச்சு இதனால் எழுந்தது. பேச்சில் ஓரளவு உண்மை உண்டு, ஆபத்தும் உண்டு. புயலுக்குப் பெரும்பாலும் சில நாள் முன்னரே எச்சரிக்கை கிடைக்கும். சுமத்திராவோ அத்தனை அவகாசம் தராது. ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது விடியற்காலையில். பால்வெட்டுத் தொழிலாளர் காட்டில் இருப்பதும் அப்பொழுதே. சுமத்திரா வருவதும் பெரும்பாலும் அப்பொழுதே. பட்டை நனைந்தால் அன்றைய வெட்டு இல்லை. நாட்கூலிக்காரர்க்கு அது வருமான இழப்பு. கிளை முறிந்து விழுந்தால் உயிருக்கே கேடு.

ஆகவே இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்குவது நன்றன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புயலைக் கற்பிக்கும் பாடத்திலேயே சுமத்திராவையும் கற்பித்தல் வேண்டும். பெயரை அறிந்த பிள்ளை, மேற்கே வானம் கறுத்துக் குளிர்காற்று வீசியதும், மரத்தடியை விட்டு விலகி உறுதியான கூரையின் கீழ் ஒதுங்கும்.