ஓட்டுநரில்லாக் கார்கள்: மக்களின் நம்பிக்கையும் ஐயமும்

ஓட்டுநரில்லாக் கார் என்பது ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் மனிதர் தொடாமல் கணினியே ஓட்டிச் செல்லும் வாகனம். கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் ஆகிய கருவிகள் சுற்றுப்புறத்தைக் கணினிக்குக் காட்டுகின்றன. தானியங்கி கார், தானோட்டிக் கார் என்ற பெயர்களும் இதற்கு வழங்குகின்றன. விபத்துகள் குறையும், கார் ஓட்ட இயலாதவர்களும் தனியே போய்வரலாம் என்ற எதிர்பார்ப்பு தொடக்கம் முதலே இதனுடன் வளர்ந்தது. கணினியிடம் உயிரை ஒப்படைக்கலாமா, தவறு நேர்ந்தால் பதில் சொல்வது யார், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களின் கதி என்ன என்ற ஐயங்களும் கூடவே வளர்ந்தன. இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதியது முதன்மையாக அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களின் தெருக்களில்தான்.

படிநிலைகளும் குழப்பமும்

அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. 2014இல் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளை வகுத்தது. 2ஆம் நிலையில் கார் தடத்தையும் வேகத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஓட்டுநரின் கண் சாலையை விட்டு விலகக் கூடாது. 3ஆம் நிலையில் கார் ஓட்டும். அது கேட்கும்போது மனிதர் பொறுப்பேற்க வேண்டும். 4ஆம் நிலையில், வரையறுத்த பகுதிக்குள் மனிதரின் உதவி தேவையில்லை. இன்று ஓடும் ரோபோடாக்சிகள், அதாவது ஓட்டுநரில்லா டாக்சிகள், இவ்வகை. எந்தச் சாலையிலும் எந்த வானிலையிலும் ஓடக்கூடிய 5ஆம் நிலைக் கார் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. டெஸ்லாவின் ‘ஆட்டோபைலட்’ 2ஆம் நிலையைச் சேர்ந்தது. பெயரைக் கேட்பவருக்கோ கார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றும். 2016 மே மாதம் புளோரிடாவில் ஆட்டோபைலட்டில் ஓடிய கார் ஒன்று, குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரியின் அடியில் புகுந்ததில் அதை ஓட்டியவர் இறந்தார். ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று சோதிக்கும் முறையைச் சரிசெய்ய, 2023 டிசம்பரில் சுமார் 20 லட்சம் டெஸ்லா கார்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது.

வரலாறு

2004 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வாகனங்களுக்கு ஒரு பந்தயம் நடத்தியது. எந்த வண்டியும் பாதையை முடிக்கவில்லை. அதிக தூரம் சென்ற வண்டிகூட 12 கி.மீ.யை எட்டவில்லை. அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் சுமார் 212 கி.மீ. பாதையை முடித்தன, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ முதலிடம் பெற்றது. 2009இல் கூகுள் தன் திட்டத்தைத் தொடங்கியது. 2016இல் அது ‘வேமோ’ என்ற தனி நிறுவனமானது. 2020 அக்டோபரில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பகுதியில், முன்னிருக்கையில் எவருமே இல்லாத டாக்சியில் பொதுமக்கள் பயணம் செய்யத் தொடங்கினர்.

எதிர்பார்ப்புகள்

முதன்மையான எதிர்பார்ப்பு உயிர்காப்பு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. கணினி குடிப்பதில்லை, தூங்கி வழிவதில்லை, செல்பேசி பார்ப்பதில்லை என்பது ஆதரவாளர்களின் வாதம். ஓட்டுநர் இல்லாத வேமோ கார்கள் 9 கோடி கி.மீ.க்கு மேல் ஓடிய பிறகு வெளியான 2025ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நடந்து செல்வோர் காயமடையும் விபத்துகள் மனிதர் ஓட்டும் கார்களோடு ஒப்பிட 92 விழுக்காடு குறைவு என்றது. அந்த ஆய்வை எழுதியவர்கள் வேமோவின் சொந்த ஆய்வாளர்களே என்பதால், சார்பற்றவர்கள் அதே தரவைச் சரிபார்க்க வழி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

இரண்டாவது எதிர்பார்ப்பு நடமாடும் உரிமை. பார்வையற்றவர்கள், முதியவர்கள், வலிப்பு நோய் காரணமாக உரிமம் பெற முடியாதவர்கள் ஆகியோருக்கு இன்னொருவர் தயவின்றி வெளியே போய்வருவது வாழ்வையே மாற்றும் செய்தி. 2015இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில், ஸ்டியரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில் பார்வையற்ற ஒருவர் தன்னந்தனியே பயணம் செய்தார். ஆனால் இன்றைய ரோபோடாக்சிகள் பலவற்றில் சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற முடியாது. ஆகவே இந்த வாக்குறுதி பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

ஐயங்களை உறுதிசெய்த நிகழ்வுகள்

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி, ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி இறந்தார். ஓட்டுநரில்லாக் கார் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்த முதல் நிகழ்வாக இது அறியப்படுகிறது. மோதலுக்கு 5.6 நொடி முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், சைக்கிள், இனம் தெரியாத பொருள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. பாதசாரிக்கான குறியீடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை. கண்காணிக்க அமர்த்தப்பட்டிருந்த ஊழியர் அப்போது செல்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஊபரின் பாதுகாப்பு நடைமுறைகளே போதவில்லை என்றும் விபத்தை விசாரித்த அரசு வாரியம் கண்டது. எனினும் நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை. 2023இல் தண்டனை பெற்றவர் அந்த ஊழியர் மட்டுமே.

2023 ஆகஸ்ட் 10 அன்று கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம், சான் பிரான்சிஸ்கோவில் வேமோ, குரூஸ் நிறுவனங்கள் 24 மணி நேரமும் கட்டணச் சேவை நடத்த 3–1 என்ற வாக்கில் அனுமதித்தது. தீயணைப்பு வண்டிகளுக்கு இவை வழிமறித்து நிற்பதாக நகரத் தீயணைப்புத் துறை எதிர்த்தது. மாற்றுத்திறனாளிகளில் பலர் ஆதரித்தனர். அதற்கு முன்பே, கார் முகப்பின் மேல் போக்குவரத்துக் கூம்பை வைத்தால் வண்டி செயலற்று நின்றுவிடும் என்று கண்டறிந்து, அதையே எதிர்ப்பு வடிவமாக்கினர் சிலர். அக்டோபர் 2 அன்று, வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்மணி குரூஸ் காரின் முன்னே விழுந்தார். நின்ற கார், ஓரங்கட்டுவதற்காக மீண்டும் நகர்ந்து அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்றதைக் குரூஸ் நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்பது விபத்தைவிடவும் நம்பிக்கையைக் குலைத்தது. குரூஸின் உரிமம் நிறுத்தப்பட்டது. அரசுக்குப் பொய்யறிக்கை அளித்ததை 2024இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், குரூஸ் ரோபோடாக்சிக்கான முதலீட்டை நிறுத்தியது.

கருத்துக் கணிப்புகள்

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. நடத்திவரும் கணிப்பில், தானே ஓடும் காரில் ஏற அஞ்சுவோர் 2022இல் 55 விழுக்காடு, 2023இல் 68, 2025இல் 61. பியூ ஆய்வு மையம் 2021இல் நடத்திய கணிப்பில், இக்கார்கள் பரவுவது சமூகத்துக்கு நல்லதல்ல என்றவர்கள் 44 விழுக்காடு, நல்லது என்றவர்கள் 26 விழுக்காடு. ஏறிப் பயணிக்க விரும்பாதவர்கள் 63 விழுக்காடு.

எண்களால் மட்டும் அச்சத்தைத் தீர்ப்பது எளிதல்ல என்பதற்கு ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கு சான்று. உயிரிழப்பு விகிதத்தில் மனிதருக்குக் கணினி சளைத்ததல்ல என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, ஒரு மரணமும் இன்றிச் சுமார் 44 கோடி கி.மீ. ஓட்டிக் காட்ட வேண்டும். நூறு கார்கள் இரவுபகலாக ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அறநெறிக் கேள்விகள்

விபத்து தவிர்க்க முடியாதபோது யாரைக் காப்பது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2016இல் தொடங்கிய ‘மாரல் மெஷின்’ என்ற இணையச் சோதனையில் உலகெங்கிலும் இருந்து சுமார் 4 கோடி விடைகள் குவிந்தன. நாட்டுக்கு நாடு விருப்பம் வேறுபட்டது. அதே ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒரு முரணைக் காட்டியது: பலரைக் காக்க ஒருவரைப் பலிகொடுக்கும் காரை மக்கள் மெச்சினர்; தாங்கள் ஏறுவதற்கோ பயணியைக் காக்கும் காரையே விரும்பினர். ஜெர்மனியின் அறநெறி ஆணையம் 2017இல் வெளியிட்ட 20 விதிகளில், வயது, பாலினம், உடல்நிலை பார்த்து உயிர்களைத் தரம்பிரிக்கக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்னது.

பிழைப்பு

2024 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில், பைடு நிறுவனத்தின் மலிவுக் கட்டண ரோபோடாக்சிகளால் வருமானம் பறிபோவதாக டாக்சி ஓட்டுநர்கள் முறையிட்டனர். இந்தியாவில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பதைக் காரணம் காட்டி, இத்தகைய கார்களை அனுமதிக்கப் போவதில்லை என்று 2017இலும் 2023இலும் கூறினார். ஓட்டுநர் உரிமம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு குடும்பம் நடத்துபவரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

சட்டமும் பொறுப்பும்

2025 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில், தடைசெய்யப்பட்ட இடத்தில் திரும்பிய வேமோ காரைப் போலீசார் நிறுத்தினர். உள்ளே ஓட்டுநர் இல்லாததால் அபராதச் சீட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டனர். இத்தகைய மீறல்களுக்கு நிறுவனத்துக்கே அறிவிப்பு அனுப்ப வழிசெய்யும் மாநிலச் சட்டம் 2024இல் நிறைவேறியிருந்தபோதிலும், அது நடைமுறைக்கு வரும் காலம் 2026 ஜூலை என்றே குறிக்கப்பட்டிருந்தது. பிரிட்டனின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது: கார் தானே ஓடும்போது அது ஓடும் விதத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு. கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்கு ஈடான பாதுகாப்பைக் கார் தர வேண்டும்.

மதிப்பீடு

எதிர்பார்ப்பு எண்ணிக்கையில் பேசுகிறது. ஐயம் ஆளைத் தேடுகிறது. எத்தனை உயிர் தப்பும் என்பது முன்னதன் கணக்கு. தப்பாத உயிருக்கு யார் வந்து நின்று பதில் சொல்வார் என்பது பின்னதன் கேள்வி. டெம்பியில் அந்தப் பதில் இருக்கையில் இருந்த ஊழியரோடு நின்றுவிட்டது. குரூஸ் விவகாரத்தில் மறைக்கப்பட்டது. சான் புரூனோவில் சீட்டை வாங்கவும் ஆளில்லை. கருவிகளின் திறன் ஆண்டுதோறும் கூடுகிறது. மக்களின் நம்பிக்கையும் அதே அளவில் கூட வேண்டுமானால், விபத்துத் தரவுகளை ஒளிக்காமல் வெளியிடுவதும், சார்பற்ற தணிக்கையும், பொறுப்பை நிறுவனத்தின் பெயரில் எழுதும் சட்டமும், வேலையிழக்கும் ஓட்டுநர்களுக்கு மாற்று வழியும் காருக்கு முன்பே சாலைக்கு வந்து சேர வேண்டும்.