சார்ஜென்ட் என்றால் சேவகர்

1904-ல் வந்த எங்கள் அருவங்காடு கார்டைட் ஃபாக்டரியை விட ரோட்டரி சங்கம் ஒரு வயது இளையது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு தொடங்கினார். முறை வைத்து ஒவ்வொருவர் ஆபீசிலும் கூடியதால் அந்தப் பெயர். சென்னைக்கு 1929-ல் வந்தது.

வாராந்திரக் கூட்டத்துக்கு முன்னதாகவே வந்து நாற்காலி, மணி, பேட்ஜ் எல்லாம் எடுத்து வைத்து, தாமதமாக வருபவரிடம் சிரித்துக்கொண்டே அபராதம் வசூலிப்பவர் 'சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ்'. சம்பளம் கிடையாது. பெயர்தான் மிரட்டும்! பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது 'செர்ழான்'. மூலமான லத்தீனில் சேவை செய்பவன் என்றுதான் பொருள்.

2016-ல் மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. காலி நாற்காலியை முதலில் கவனிப்பவர் சார்ஜென்ட்தான். உடம்பு சரியில்லாதவரைப் பதினைந்து நாள் கழித்தா விசாரிப்பது?