மனிதப் பாதுகாப்பு: காவிரிப் படுகை

எல்லை காக்கப்பட்டால் மட்டும் போதாது. அதற்குள் வாழ்பவரின் உயிரும் உணவும் தொழிலும் மானமும் காக்கப்பட வேண்டும் என்பதே மனிதப் பாதுகாப்புக் கொள்கை. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் வழிநடத்திய ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை இதை உலகறியச் செய்தது.

தஞ்சாவூரில் இருவகைப் பாதுகாப்பையும் ஒருங்கே காணலாம். 2020 ஜனவரி 20 அன்று தஞ்சை விமானப்படைத் தளத்தில் பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 போர் விமான அணி சேர்க்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிப்பது அதன் பணி. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 20 அன்று, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தையும் 2017இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் எதிர்த்து ஊர் ஊராக மக்கள் உட்கார்ந்து போராடியிராவிட்டால் இந்தச் சட்டம் வந்திராது. ஏற்கெனவே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளை மட்டும் அது தொடவில்லை. அது பெரிய குறை.

இங்கு முதல் அச்சம் தண்ணீர்தான். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை நெல் சாகுபடி உண்டு. தள்ளிப்போனால் சம்பா மட்டுமே. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டிய காவிரி நீரை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. ஆனால் கடைமடை விவசாயிக்கு அளவைவிட நாள் முக்கியம். பயிர் கருகிய பின் வரும் நீரால் பயனில்லை. 2016இல் காவிரியும் பொய்த்து வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. விளைந்தாலும் கவலை தீர்வதில்லை: ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாகக் கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்கமாட்டார்கள், அறுவடை நேரத்து மழையில் குவியல் வாசலிலேயே முளைவிடும்.

ஆபத்து ஊருக்குள்ளிருந்தும் வரும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. எந்தப் படையும் காக்காத மக்கள் இவர்கள். மனிதப் பாதுகாப்பின் அளவுகோலை இவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தப் படுகொலைக்குப் பின், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும், 1971இல் மிராசுதார் நிலத்தில் குடியிருந்தோருக்கு மனையைச் சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டமும் வந்தன. மனை பலருக்குக் கிடைத்தது. பதிவு பெறாத குத்தகைதாரர் இன்னும் ஏராளம். வறட்சி நிவாரணமும் பயிர்க்கடனும் பட்டாதாரர் பெயரைத் தேடியே போகின்றன. உழுகிறவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது அரசு இனியும் தள்ளிப்போடக்கூடாத வேலை.